பாஸ்வேர்ட் வாழைப்பழம்

பட்டு அக்கா விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கோ ஒரு வருஷம் ஆனதுபோல இருந்தது.

அவள் என் பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். பட்டு என்பது செல்லப் பெயர். என் செல்லப் பெயர் என்ன தெரியுமா? கோழி. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சத்தம் போடுகிறேன் என்று அப்பா வைத்தது. ஒருத்திக்குப் பட்டு, ஒருத்திக்குக் கோழி. நியாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இதிலேயே தெரியவில்லையா?

பட்டு அக்கா எழுந்ததும் போர்வையை மூலைக்கு மூலை பொருத்தி மடிப்பாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள். அம்மா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளுடைய இங்கிலீஷைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மழை வந்தால், "ரெயின் வருது சித்தி" என்பாள். ஏழு மணி ஆகிவிட்டால், "செவன் ஆயிடுச்சு" என்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அவளுக்கு 'பேபி'. வியாழக்கிழமை 'தர்ஸ்டே'.

ஒருநாள் நான் மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டேன். அவள் ஓடிப்போய், "சித்தி, இவ டவுன் ஆயிட்டா" என்று கத்தினாள்.

"டவுனுக்கா? என்கிட்ட சொல்லாம எதுக்குப் போனா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். அதற்குள் என் முட்டி வீங்கிவிட்டது.

"என்ன இருந்தாலும் அவ பேச்சே ஒரு ஸ்டைல்தான்" என்றார் அம்மா, என் முட்டியில் மருந்து தடவிக்கொண்டே.

"அலட்டல்" என்றேன் நான், அம்மாவுக்குக் கேட்காதபடி.

என் அப்பா வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். வீட்டை ஒட்டியே எங்கள் ஷெட். வேலை முடிந்ததும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வண்டியை ஓட்டிக்கொண்டு ஒரு சுற்று போவார். அப்போது முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில், நான் உட்காருவேன். லாரி, வேன், ஒரு தடவை குப்பை வண்டிகூட. எந்த வண்டியாக இருந்தாலும் அது என் சீட். எழுதித்தான் வைக்கவில்லை.

அன்றைக்கு ஷெட்டில் நின்றது நூலக வண்டி. பெரிய வேன் ஒன்றின் உள்ளே இரண்டு பக்கமும் அலமாரி அடித்து, நிறையப் புத்தகம் அடுக்கியிருந்தார்கள். விடுமுறையில் பிள்ளைகள் படிப்பதற்காக, அன்று மாலைதான் அது முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்று நூலகர் மேடம் தன் டேப்லெட்டில் பதிய வேண்டும். அதற்கு வண்டிக்குள் இன்டர்நெட் வேண்டும். அதற்கு ஒரு மோடம் மாட்ட வேண்டும். நெட் இல்லாவிட்டால் ஒரு புத்தகம்கூடக் கொடுக்க முடியாது என்று மேடம் சொல்லியிருந்தார்.

அப்பா வேனின் கூரையில் துளை போட்டு ஏரியலை நிறுத்தினார். தண்ணீர் இறங்காமல் இருக்க அதைச் சுற்றிப் பசை பூசினார். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, நடுவில் ஃப்யூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் மோடத்துக்கு மின்சாரம் வருகிற மாதிரி செய்தார். நான் ஸ்க்ரூ டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை யார் கவனித்தார்கள்? அப்பா, பக்கத்தில் நின்ற நூலகர் மேடம், எல்லோரும் பட்டு அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோடத்தோடு வந்த செய்முறைப் புத்தகத்தை அவள் இங்கிலீஷில் கடகடவென்று படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மோடத்தை அலமாரிக்குப் பின்னால் இருந்த பொந்தில் பொருத்தியதும், அப்பா தன் பழைய லேப்டாப்பை ஒரு ஒயரால் அதோடு இணைத்தார்.

"சித்தப்பா, சிவப்பு லைட் வந்துடுச்சு" என்றாள் பட்டு அக்கா. "இனிமே பேர் வைக்கணும், பாஸ்வேர்ட் வைக்கணும். அப்பதான் பச்சை வரும்."

"அதெல்லாம் நீயே பண்ணிடும்மா. வேலை முடிஞ்சதும் இன்னிக்கு முன் சீட்ல நீதான் வர்றே."

டப்பா என் கையிலிருந்து நழுவியது. ஸ்க்ரூக்கள் வேன் முழுக்க உருண்டன.

"அப்பா, அது என்னோட..."

"நீ எல்லா வண்டியிலயும்தான் வர்றே. அக்கா ஊருக்குப் போகப் போறா. ஒரு நாள் விட்டுக் குடேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூ பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அம்மாவை எடுத்துக்கொண்டாள், சரி. அப்பாவையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அவளுக்கு அப்பா இல்லையா? ஊரில் பெரியப்பா நன்றாகத்தானே இருக்கிறார்?

"ஆன்ட்டி, பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம்?" என்று நூலகர் மேடத்திடம் கேட்டாள் அவள்.

"எனக்கு மறதி ஜாஸ்திம்மா. ஒரு நல்ல தமிழ் வார்த்தையா வை. தினமும் காலையில ரெண்டு சாப்பிடறேன், அதையே வச்சிடலாம். வாழைப்பழம். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிடு."

"மேங்கோன்னு வைக்கலாமே ஆன்ட்டி. சின்னதா இருக்கும்."

"அதெல்லாம் வேண்டாம். வாழைப்பழம்தான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

பட்டு அக்காவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு டக்டக்கென்று அடித்தாள். திரையில் எழுத்து தெரியவில்லை, வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. இன்னொரு முறை அதையே அடித்து முடித்தாள். மோடம் அணைந்து, மறுபடி எரிந்தது. பச்சை வந்தது.

"சபாஷ்" என்றார் அப்பா. லேப்டாப்பைக் கழற்றிவிட்டு அலமாரியை இழுத்து மூடி ஸ்க்ரூ போட்டார். நான் பொறுக்கிக் கொடுத்த ஸ்க்ரூதான். அதற்கு சபாஷ் கிடையாது.

மேடம் தன் டேப்லெட்டை எடுத்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். "வி, ஏ, இசட், எச்..."

தவறான பாஸ்வேர்ட் என்று வந்தது.

"ரெண்டு ஏ போட்டிருப்பா" என்று மறுபடி அடித்தார். தவறு. நடுவில் ரெண்டு 'பி' போட்டார். அதுவும் தவறு.

"இசட் எச்சுக்குப் பதிலா எல் போட்டுப் பாருங்க மேடம். என் தம்பி அப்படித்தான் எழுதுவான்" என்றார் அப்பா.

அதுவும் தவறு. ஒரு வாழைப்பழத்தை இங்கிலீஷில் எழுத இத்தனை வழி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இருங்க, இருங்க" என்று அப்பா அவசரமாகத் தடுத்தார். "இன்னும் ஒரே ஒரு தடவைதான் போடலாம். அதுவும் தப்பாச்சுன்னா இது வாயை மூடிக்கும். அப்புறம் அலமாரியைக் கழட்டி, பின்னாடி ஊசி விட்டு அமுக்கி, எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும். இருட்டிடும்."

மேடத்தின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூட வாசல்ல வந்து உட்காந்தாச்சாம். பட்டும்மா, நீதானே வச்சே? எழுத்து எழுத்தாச் சொல்லு."

"நானே அடிச்சுத் தரேன் ஆன்ட்டி."

"நாளைக்கு நான்தானேம்மா அடிக்கணும்? சும்மா சொல்லு."

"அது வந்து... நீங்க சொன்ன அந்த ஃப்ரூட்தான்."

"அது தெரியும்மா. ழ-வுக்கு என்ன போட்டே? இசட் எச் தானே? அது சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியுமே."

பட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "மறந்துடுச்சு" என்றாள்.

மறந்துவிட்டதாம். ஒருதடவை படித்தால் ஒப்பிக்கிறவளுக்கு மறந்துவிட்டதாம். பழம் என்று சொன்னால் வாய் வலிக்குமா? இந்த நேரத்திலும் ஃப்ரூட்டா?

அப்படி நினைத்தபோதுதான் எனக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது.

தண்ணீரை அவள் தண்ணி என்றுதான் கேட்கிறாள். சட்டை, கண்ணாடி, தலகாணி எல்லாம் தமிழில்தான் சொல்கிறாள். மழை, ஏழு, குழந்தை, கிழமை, கீழே, பழம். இவற்றுக்கு மட்டும் இங்கிலீஷ் ஓடி வருகிறது. வந்த அன்றைக்கு ஜன்னலைப் பார்த்து அவள் 'மயை' என்று சொன்னது போலக்கூட இருந்தது. வாயில் பிஸ்கட் இருக்கிறது என்று நினைத்தேன்.

பிஸ்கட் இல்லை. பட்டு அக்காவுக்கு ழ வராது.

ஒரு வாரமாக அவள் அலட்டவில்லை. ஒளித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் வருகிறபடியே அவசரத்தில் விரலும் அடித்திருக்கிறது.

எனக்கு உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்வானேன், நிஜமாகவே வந்தது. 'அக்காவுக்கு ழ வராது' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்டைல் எல்லாம் கப்பல் ஏறிவிடும். இல்லாவிட்டால் சும்மா இருந்தாலே போதும். அலமாரியைக் கழற்றுவார்கள். அப்பா அவளை முன் சீட்டில் ஏற்றமாட்டார். என் சீட் எனக்கே வந்துவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பட்டு அக்கா வேனின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் நடுங்கியது. பெரியவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. ஒரு வாரமாக வைத்த கண் வாங்காமல் அவளையே முறைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரிந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அழுதுவிடுவாள். எல்லோர் முன்னாலும் அழுவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. ஏன்தான் இதெல்லாம் என் கண்ணில் படுகிறதோ.

"மேடம்" என்றேன். "அக்காவுக்கு மறக்கல. வெளியில சொல்லக் கூடாதுன்னு பேசாம இருக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டு அக்கா பயந்துபோய்ப் பார்த்தாள்.

"நீங்க அடிச்ச மாதிரிதான் எல்லாரும் அடிப்பாங்க. வண்டி தெருவுல நிக்கறப்ப யாராவது வாழைப்பழம்னு அடிச்சு உங்க நெட்டை எல்லாம் உறிஞ்சிட்டாங்கன்னா? அதனால அக்கா வேணும்னே எழுத்தை மாத்தி வச்சிருக்கா. ழ வர்ற ரெண்டு இடத்துலயும் ஒய் போடுங்க. மத்ததெல்லாம் நீங்க முதல்ல அடிச்ச மாதிரியே."

அவள் பக்கம் திரும்பினேன். "அப்படித்தானேக்கா?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

மேடம் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அப்பா மூச்சுவிடாமல் நின்றார். டேப்லெட்டில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நூலகத்தின் பக்கம் பளிச்சென்று திறந்தது.

"அட கெட்டிக்காரி" என்றார் மேடம். "திருடன் உட்காந்து யோசிச்சாலும் வராதே. எனக்கு இது தோணவே இல்ல பாரு." அவர் முதுகில் தட்டிக்கொடுத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? பட்டு அக்காவை.

கண்டுபிடித்தது நான். கெட்டிக்காரி அவள். என் வாயாலேயே நான் அவளுக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு அசடு உலகத்தில் உண்டா? எனக்கு மறுபடி வயிறு எரிய ஆரம்பித்தது.

மேடம் பின்னால் புத்தகங்களுக்கு நடுவில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட அப்பா வண்டியைக் கிளப்பினார். முன் கதவைத் திறந்துவிட்டு, "பட்டும்மா, ஏறு" என்றார்.

அவள் படியில் ஒரு காலை வைத்தாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டயர் கருப்பாக, வட்டமாக இருந்தது. வேறொன்றும் விசேஷமாக இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் காலை எடுத்துவிட்டாள்.

"சித்தப்பா, நான் பின்னாடி ஆன்ட்டிகூட உட்காந்துக்கறேன்" என்றாள். ஒரு பெரிய மூச்சு வாங்கிக்கொண்டாள். "முன்னாடி கோயி உட்காரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'இவ' என்று சொல்லியிருக்கலாம். 'தங்கச்சி' என்று சொல்லியிருக்கலாம். தெரிந்தேதான் சொன்னாள்.

உள்ளேயிருந்து மேடம் தலையை நீட்டினார். "யாரு? கோயியா?"

பட்டு அக்காவின் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை.

"நான்தான் மேடம் கோயி" என்றேன். "அக்கா என்னை அப்படித்தான் கூப்பிடுவா."

சொல்லிவிட்டு, யாராவது மனசு மாறுவதற்குள் முன் சீட்டில் தாவி ஏறிக்கொண்டேன். அவள் பின்னால் சிரிப்பது கேட்டது.

கோயி என்று அவள் மட்டும்தான் கூப்பிடலாம். வேறு யாராவது கூப்பிட்டால் கொத்திவிடுவேன்.