வாங்க மாமா, உட்காருங்க

நாற்காலி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல.

பிலோமினா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கெலுகோர் ஊரின் அந்த அடுக்குமாடி வீட்டில் அவளும் ஆறு வயது மகள் கிறிஸ்டலும் மட்டும்தான். காய்ச்சல் மருந்து குடித்துவிட்டுப் பிள்ளை அறையில் தூங்குகிறாள். வெளியே சாயங்கால மழை. கீழ்வீட்டில் மீன் பொரிக்கும் நெடியும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து வர, அவற்றுக்கு அடியில் மெல்லிசாகக் கிராம்பு சிகரெட்டின் இனிப்புப் புகை. பாக்கியநாதன் மாமா பிடித்த சிகரெட். அம்மாவின் தம்பி. பிலோமினாவின் சின்ன வயதில் கதவைத் தாழிட்டுச் செய்யக்கூடாததைச் செய்தவர். அவர் செத்துச் சில வருடங்களாகிவிட்டன.

நாற்காலி, பிரார்த்தனைக் குழுவின் யோசனை. மகளை யார் தூக்கிக் கொஞ்சினாலும் பிலோமினா பாய்ந்து பிடுங்குவாள், கத்துவாள். பிள்ளை அவளைக் கண்டே மிரள ஆரம்பித்த பிறகுதான் பட்டர்வொர்த்தில் நடக்கும் உள்மனக் குணமளிப்புக் கூட்டத்துக்குப் போனாள். அதை நடத்தும் அமலம்மாள் அக்கா அவள் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுச் சொன்னார்:

"வீட்டுல ஒரு நாற்காலி போடும்மா. மாமா அதுல உக்காந்திருக்கார்னு நெனச்சிக்கோ. கோப்பி கலக்கி வை. வாங்க மாமா, உக்காருங்க, மன்னிச்சிட்டேன்னு தெனமும் சொல்லு. கோவத்த விட்டாதான் கொணமாகும் லா."

"அவரு எங்கிட்ட மன்னிப்பே கேக்கலியே அக்கா."

"கேக்காமலே குடு. ஆண்டவர் அப்படித்தான குடுத்தாரு."

செய்தவன் நிம்மதியாகச் செத்தான். சொந்தமெல்லாம் திரண்டு, பூவும் பாட்டுமாக அடக்கம் செய்தது. அவளுக்கென்று மிஞ்சியது கோபம் ஒன்றுதான். ஜெபமாலையும் கையுமாக அதையும் பிடுங்க வந்துவிட்டார்கள். இருந்தும் மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு மாலைதோறும் சொன்னாள். நேற்றுச் சொன்னபோது முதல்முறையாக வயிறு எரியவில்லை. குணமாகிவிட்டோம் என்று சந்தோஷத்தில் அழுதாள்.

இன்று வைத்த கோப்பி பாதிதான் இருந்தது. அவள் தொடவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் அந்தக் கோபம்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதை அவளே விலக்கிவிட்டு, அந்தப் பாவியை வாய் நிறைய வரவேற்றிருக்கிறாள்.

"போடா வெளிய," என்றாள். "மன்னிக்கல. மன்னிக்கவே மாட்டேன்."

நாற்காலியைத் தூக்கி நடைவழியில் எறிந்தாள். கோப்பியைக் கொட்டினாள். கிரில் கதவைப் பூட்டினாள். மூச்சிரைத்தது.

புகை வாடை போகவில்லை. ஆனால் கூடத்தில் இல்லை.

அறைப் பக்கமிருந்து வந்தது.

ஓடினாள். விளக்கைப் போட்டாள்.

கட்டிலுக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருந்தாள் கிறிஸ்டல். கால்கள் தொங்கின. முதுகு வெறும் காற்றில் சாய்ந்திருந்தது. விழித்திருந்தாள். அம்மாவையே பார்த்தாள். கத்தவில்லை; கத்த முடியவில்லை. பிஞ்சுக் கன்னங்களில் பெரிய விரல்கள் அழுந்திய குழிகள். அவை மெல்ல ஆழமாயின.