சோப்பு டப்பா சாட்சி

ரூபாவின் செல்போன் அலறியது!

அவள் கையில் புகைந்து கொண்டிருந்தது சால்டரிங் கம்பி. ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கார் ஒர்க் ஷாப் நடத்துகிறவள். கம்பியை வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"ரூபாவா? ஹெட் கான்ஸ்டபிள் முனிலட்சுமி பேசறேன். உன் வீட்டுக்காரர் ஒரு கொலை பண்ணிட்டாரு!"

"கொலையா? கொசு அடிக்கவே என்னைத்தான் கூப்பிடுவாரு மேடம்!"

"குந்தாரப்பள்ளி சந்தைல மாட்டு புரோக்கர் கங்கப்பன் மேல காரை ஏத்திட்டாரு. ஆளு காலி. நாலு மணிக்குக் கோர்ட்டு, அப்புறம் ஜெயிலு. பாக்கணும்னா ஓடி வா!"

ரூபா மணியைப் பார்த்தாள்.

ஒன்றரை!

கஸ்டமர் திம்மப்பனின் பழைய காரைக் கிருஷ்ணகிரியில் ஒப்படைக்கத்தான் கணவன் மாதேஷ் காலையில் கிளம்பினான். குழந்தையைத் தூக்கிப் போவது போல ஓட்டுகிறவன். அவனா...?

லேப்டாப்பை அள்ளினாள். கூடவே ஒரு சோப்பு டப்பா. அதன் இரு ஓட்டைகளிலும் ஒயர்கள் எட்டிப் பார்த்தன.

இரண்டே முக்கால்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் திம்மப்பனின் கார் நின்றது. முகம் நசுங்கிப் போயிருந்தது. பம்பரில் சிவப்பு... திட்டுத் திட்டாய்!

பக்கத்தில் போலீஸ் ஜீப். அதற்குப் பக்கத்தில் புளியமரம். மரத்தில் கட்டிய ஒரு காளை. இடது கொம்பு பளபளவென்று சிவப்பு. வலது கொம்பில் பாதி வெளுத்துக் கிடந்தது. வைக்கோலை மென்றபடி ரூபாவை மேலும் கீழும் பார்த்தது.

வராந்தா பெஞ்சில் வெள்ளைத் துணி போர்த்திய உருவம்!

"யாரும் கிட்டப் போகாதீங்க," என்றாள் முனிலட்சுமி. "டாக்டர் வர்ற வரைக்கும் பாடியத் தொடக்கூடாதுன்னு ஐயா உத்தரவு."

உள்ளே மாதேஷை எதிரே நிறுத்தி, இன்ஸ்பெக்டர் வெள்ளைச்சாமி மேஜையைத் தட்டிக் கொண்டிருந்தார்.

"சொல்றா... நீதான ஏத்துன?"

"நான்தான் ஏத்துனேன்... அப்படீன்னா கேக்கறீங்க? இல்லீங்க சார்..."

"ஒத்துக்கிட்டான்! எழுதும்மா!" என்றார், ரூபாவின் பின்னாலேயே வந்த முனிலட்சுமியிடம்.

"சார், பாதியிலயே எழுதாதீங்க!" ரூபா பாய்ந்தாள். "எதைக் கேட்டாலும் கேள்விய ஒருக்கா திருப்பிச் சொல்லிட்டுத்தான் பதில் சொல்லுவாரு. கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான். எங்கப்பா பயந்துட்டாரு!"

"ரூபா..." மாதேஷ் அவள் பக்கம் திரும்பினான். "கூட்டத்துல வண்டிய நிறுத்திட்டேன். ஒரே ஒரு தடவ ஹாரன் அடிச்சேன். என்னமோ பாஞ்சு வந்துச்சு... கண்ண மூடிட்டேன். தொறந்தா கங்கப்பன் கீழ கெடக்கறாரு..."

"நிறுத்திட்டானாம்!" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "முன்னாடி பூராம் நொறுங்கிக் கெடக்கு. எம்பதுல வந்து அடிச்சிருக்க. வழி விடலேன்னு கோவம்!"

"வேகத்த கார்கிட்டயே கேட்டுடலாம் சார்."

ரூபா சோப்பு டப்பாவை மேஜை மேல் வைத்தாள்.

ஒயர்... சிப்பு... சிவப்பு விளக்கு...

"குண்டு!" என்று அலறிய இன்ஸ்பெக்டர் மேஜைக்கடியில் பாய்ந்தார். அங்கே முனிலட்சுமி முன்பே இருந்தாள்!

"குண்டில்ல சார், கேபிளு! கம்பெனி மெஷினுக்கு இருபதாயிரம் சொன்னான். நான் முந்நூறு ரூபாயில செஞ்சேன்."

மேஜைக்கடியிலிருந்து குரல் வந்தது. "எ... என்ன செய்யும்?"

ரூபாவுக்கு முகம் மலர்ந்தது. நாலு மணிக் கோர்ட்டைக்கூட அரை நிமிடம் மறந்தாள்.

"ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கு சார். பதினாறு குழி. இந்தக் காருக்கு மூணு போதும். ஒண்ணு பேட்டரி, ஒண்ணு எர்த்து, ஒண்ணு பேச்சு. எஞ்சின் கம்ப்யூட்டர் அந்த ஒத்த ஒயர்லதான் பேசும், கேக்கும். ஆனா அது பன்னண்டு வோல்ட்ல கத்தும். லேப்டாப்புக்கு அஞ்சு வோல்ட்தான் தாங்கும். நேராக் கோத்தா லேப்டாப் பொகைஞ்சிடும். நடுவுல இந்தச் சிப்பு உக்காந்து ஒருத்தர் குரலைக் குறைக்கும், இன்னொருத்தர் குரலை ஏத்தும்."

"எங்க வீட்டுல எனக்கும் எம்பொண்டாட்டிக்கும் நடுவுல எம்பொண்ணு செய்யற வேலை," என்று இன்ஸ்பெக்டர் மெல்ல வெளியே வந்தார்.

எல்லோரும் வாசலுக்கு நடந்தார்கள். கேபிளைச் செருகி, சாவியைத் திருப்பினாள். லேப்டாப்பில் எண்கள் ஓடின.

"முதல் வரி எங்கேள்வியோட எதிரொலி சார். ஒரே ஒயருங்கறதால நம்ம குரலே திரும்பி வரும். அதை விட்டுட்டு அடுத்ததைத்தான் படிக்கணும். எங்க வீட்டுக்காரரையும் அப்படித்தான்!"

அடுத்த வரி வந்தது.

ரூபாவின் விரல் நின்றது.

"காத்து உள்ள போற குழாய்ல ஒரு சென்சார். அடி விழுந்ததுல அதோட ஒயரு அறுந்திருக்கு. அறுந்த உடனே கம்ப்யூட்டர் அந்த நொடிய அப்படியே எழுதி வெச்சிருச்சு. எஞ்சின் சுத்து எண்ணூறு. சும்மா ஓடிக்கிட்டு நின்னிருக்கு. வேகம்..."

"எம்பதா?"

"பூஜ்யம்!"



"நின்ன கார் எப்படிய்யா ஆளை அடிக்கும்?" இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"அடிக்கல சார். அடி வாங்கியிருக்கு!"

ரூபா குனிந்து பம்பர் சிவப்பைத் தொட்டாள். பிசுபிசுத்தது. முகர்ந்தாள்.

"ரத்தத்துல தின்னர் வாசம் வருமா சார்? இது பெயிண்டு. காலையில அடிச்ச பெயிண்டு. சந்தைக்கு வர்ற கெழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி, சாயம் பூசி, எளசுன்னு காட்டுவாங்க. காய நேரமில்லாம ஓட்டி வந்துட்டாங்க போல..."

எல்லோர் கண்களும் புளியமரத்துக்குத் திரும்பின.

காளை மெல்லுவதை நிறுத்தியது!

"அந்த மாடு யாரோடது மேடம்?"

முனிலட்சுமி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "ஐயா வாங்கினது. ஐயாவோட சின்னப் பாப்பாவுக்குக் காதுகுத்து. ஊர்வல வண்டியில பூட்ட, மாமனார் ஊருக்கு அனுப்பறாரு. கங்கப்பன்தான் கயித்தப் பிடிச்சுக் கொண்டாந்துக்கிட்டு இருந்தாரு..."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"இந்த மாடா காரை முட்டுச்சு? இது இழுக்கற வண்டியிலதான் எம்மாமனார் குடும்பமே ஏறப்போகுது! சத்தியம் பண்ணானே கங்கப்பன்... பசு மாதிரி சாதுன்னு சொன்னானே!"

"சாதுதாங்க சார்!"

குரல் வராந்தாவிலிருந்து வந்தது.

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து!

முனிலட்சுமி 'வீல்' என்று கத்தினாள். பிணம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து கும்பிட்டது.

"மன்னிச்சுடுங்க சார்! கயிறு இழுத்ததுல கீழ விழுந்தேன், அவ்ளோதான். போலீஸ்காரருக்கு முரட்டு மாட்ட வித்தது தெரிஞ்சா உரிச்சுடுவீங்களே... அதான் அப்படியே செத்துட்டேன்! டாக்டர் வர்றதுக்குள்ள நைசா ஓடிடலாம்னு பாத்தேன். இந்தம்மா உள்ள போறதும் வெளிய வர்றதுமா இருந்தாங்க, விடவே இல்ல!"

"உயிரோட இருக்கியாடா?"

"உயிரோட இருக்கேனான்னா கேக்கறீங்க..." என்று கங்கப்பன் ஆரம்பிக்க, "எதிரொலிய விட்டுட்டுப் பதிலைச் சொல்றா!" என்று உறுமினார் இன்ஸ்பெக்டர்.

"சத்தியமா சாதுதான் சார். ஹாரன் சத்தம் கேட்டா மட்டும்தான்..."

ரூபா மாதேஷின் கையைப் பிடித்துக் கொண்டாள்.  

சரியாக அப்போது...

எதுவும் தெரியாத ஜீப் டிரைவர், கைதியைச் சீக்கிரம் ஏற்றச் சொல்லி அழுத்தினான்.

பாம்... பாம்!

புளியமரத்தில் கயிறு அறுந்தது.

டமால்!!

ஜீப்பின் கண்ணாடிச் சில்லுகள் சிதறி ஓய்ந்தன. இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார்.

ரூபா பவ்யமாய் சோப்பு டப்பாவை நீட்டினாள்.

"ஜீப்புக்கும் மாட்டிப் பாக்கட்டுமா சார்? வேகம் பூஜ்யம்தான்... ஆனா முட்டுன மாட்ட உள்ள வைக்கலாமான்னு உங்க மாமனாரைக் கேட்டுக்கங்க!"