ஆணியில் தொங்கிய கொக்கி

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். வீர்வே இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனங்களில் சிலவற்றை நானே நிரப்பிக்கொண்டிருக்கலாம். கொக்கியை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.

அவளும் அவள் கணவன் ரைவோவும் தார்த்துவிலிருந்து ஹாப்சாலுவுக்குக் காரில் வந்தது பிப்ரவரியில். ஊரையும் அதைச் சுற்றியுள்ள கடற்கரையையும் நிதானமாகச் சுற்றிப் பார்ப்பதாகப் பேச்சு. இப்படி ஒரு பயணம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரைவோ நினைத்தான். விலகிப் போகிறேன் என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று வீர்வே நினைத்தாள். முதல் நாள் இடிந்த கோட்டையைப் பார்த்தார்கள். ரயில் வராத ரயில் நிலையத்தின் நீண்ட நடைமேடையில் நடந்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை வைப்பர் உடைந்தது. ஊர் எல்லையில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரன் எண்டெல், வண்டியின் எண் பலகையைத்தான் முதலில் பார்த்தான்.

“தார்த்துவா? படிச்சவங்க ஊரு. வைப்பர் ஒடையற வரைக்கும் படிச்சிட்டு இருந்தீங்களாக்கும்.”

“பேச்சு வேணாம், சாமான் இருக்கா?” என்றான் ரைவோ. “எதிர்க்கரை வரைக்கும் வளைகுடாவைச் சுத்திப் போறோம். திரும்பும்போது வளைகுடா உறைஞ்சு கிடக்கற பனி மேலயே ஓட்டிட்டு வந்துடுவோம்.”

எண்டெல் வைப்பரை மாட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பனி மேல பெல்ட் போடக் கூடாது. போடலேன்னா இந்த ரக வண்டி மணியடிச்சுக் கத்தும். டிரைவர் சீட்டு மட்டும்தான், ஆனா கரை சேர்ற வரைக்கும் கத்தும்.”

சுவரில் ஓர் ஆணியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். எந்த வண்டியிலோ வெட்டி எடுத்த சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி. அதில் ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

“இத பூட்டுல சொருகிடு. வாய மூடிக்கும்.”

வீர்வே வாங்கினாள். கொட்டகையில் அடுப்பு இல்லை. மற்ற சாமான்கள் எல்லாம் உறைந்து காய்ந்து கிடந்தன. பட்டை மட்டும் ஈரமாக இருந்தது.

“எந்த வண்டியோடது?”

“வண்டி இப்ப இல்ல.”

“எவ்வளவு?” என்றான் ரைவோ.

“காசு வேணாம். இது இங்கேயிருந்து போனாச் சரி.”

எதிர்க்கரையில் பகல் முழுவதும் சுற்றினார்கள். பலகை அடித்து மூடிய கோடை வீடுகள். பூட்டிய தேவாலயம். நாணல் காடு. ஒரு வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது, ஆனால் கார் நின்றதும் ஜன்னல் திரை இழுபட்டு மூடிக்கொண்டது. கறுப்பு ரொட்டியும் புகையூட்டிய மீனும் காருக்குள்ளேயே சாப்பிட்டார்கள். மீன் வாசனையையும் மீறி இன்னொன்று வீசியது. வளைகுடாவின் அடியில் கிடக்கும் கறுப்புச் சேறு. மூட்டுவலிக்காரர்களுக்கு ஊரில் பூசிவிடுவார்களே, அதே அழுகிய முட்டை வாடை.

“அந்தக் கொக்கியத் தூக்கி எறி, ரைவோ. நாறுது.”

“உனக்கு எதப் பாத்தாலும் நாறும். என்னைப் பாத்தாலும்தான்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பனிப்பாதை தொடங்கும் இடத்துக்கு இறங்கும் சரிவில், எதிரே வெள்ளை வளைகுடாவைப் பார்த்தபடி, கடைசியில் சொல்லிவிட்டாள்.

“நான் தனியா போயிடலாம்னு இருக்கேன். வீட்டுக்குப் போனதும் என் சாமானெல்லாம் எடுத்துக்கறேன்.”

ரைவோ கியரை மாற்றினான்.

“அக்கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

பாதையின் வாயிலில் ஆரஞ்சு மேலங்கி போட்ட காவல்காரி ஜன்னலைத் தட்டினாள்.

“நீங்கதான் கடைசி. வெளிச்சம் போகுது, அப்புறம் மூடிடுவேன். பெல்ட்டக் கழட்டுங்க. பனி ஒடைஞ்சா குதிக்கணும், கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா அவ்வளவுதான். எது வந்தாலும் நடுவுல நிறுத்தாதீங்க. நின்ன வண்டியப் பனி தாங்காது.”

இருவரும் கழற்றினார்கள். கார் பனியில் இறங்கியதும் மணி கத்தத் தொடங்கியது. ரைவோ கொக்கியை எடுத்துத் தன் இருக்கைப் பூட்டில் சொருகினான்.

மணி நின்றது.

“பாத்தியா? செத்துப்போச்சு.”

பாதையின் இருபுறமும் அடையாளத்துக்கு நட்ட ஜூனிப்பர் புதர்க் கிளைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வானமும் பனியும் ஒரே சாம்பல். சக்கரங்களுக்கு அடியில், ஆழத்தில், யாரோ பெருமூச்சு விடுவதுபோல் பனி முனகியது. வளைகுடாவில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது சாதாரணச் சத்தம். வீர்வேயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி ரைவோவின் மடியைப் பார்த்தாள். சாம்பல் பட்டை அவன் தொடை மேல் கிடந்தது.

ஒரு சாண்தானே இருந்தது?

அக்கரை விளக்குகளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

பட்டை அவன் வயிற்றைத் தாண்டியிருந்தது.

“ரைவோ. அதக் கழட்டு.”

அவன் குனிந்து பார்த்தான். ஒரு கையால் பூட்டின் சிவப்பு விசையை அழுத்தினான். மறுபடி அழுத்தினான்.

“வரல.”

பட்டை அவன் மார்பின் குறுக்கே ஏறிக்கொண்டிருந்தது. அவன் சட்டையில் கறுப்பு ஈரம் பரவியது. சேற்று வாடை காரை நிறைத்தது.

அப்போதுதான் தன் தோளருகே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மெதுவாக, சீராக, இழுக்கும் சத்தம்.

அவளுடைய பெல்ட் தானாகவே வெளியே வந்துகொண்டிருந்தது.

யாரும் பிடிக்கவில்லை. ஆனால் பிடித்து இழுப்பதுபோல் விறைப்பாக நீண்டு, அவள் மார்பைக் கடந்து, இடப்பக்கப் பூட்டை நோக்கிப் போனது. அவள் பூட்டின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். இரும்புக் கொக்கி அவள் விரல் முட்டிகளில் இடித்தது. விலகியது. மறுபடி இடித்தது. கோபமே இல்லை அதில். தூங்கும் குழந்தைக்குப் பெல்ட் மாட்டுகிறவர்களின் பொறுமைதான் இருந்தது.

“நிறுத்தாத!” என்றாள். “கரை தெரியுது, நிறுத்தாத ரைவோ!”

“மூச்சு விட முடியல.”

“ஓட்டு!”

அவன் பிரேக்கை மிதித்தான்.

கார் சுழன்று, கிளைகளை முறித்துக்கொண்டு நின்றது. ஒரு கணம் முழு அமைதி. பிறகு பனிக்கு அடியில் நீளமான ஒரு விரிசல் ஓடும் சத்தம். சக்கரங்களைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் ஊறியது.

வீர்வே கதவைத் திறந்து பனியில் விழுந்தாள். எழுந்தாள். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சுற்றிக்கொண்டு ரைவோவின் பக்கம் போய்க் கதவைத் திறந்து, அவன் மேல் குனிந்து, விசையைத் தேடினாள்.

விசை கிடைக்கவில்லை.

அதன் மேல் விரல்கள் இருந்தன.

குளிர்ந்த, ஊறிப்போன, வழவழப்பான விரல்கள். ஒன்றோடொன்று நெருக்கமாக, விசையை மூடிக்கொண்டு. ரைவோவின் இரு கைகளும் ஸ்டியரிங் மேல் இருந்தன.

அவள் அலறினாள். ரைவோ ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் முகத்தில் பயம் இல்லாமல் போயிருந்தது.

“நீ போகக் கூடாது,” என்றான் மெதுவாக. “உள்ள வந்து கட்டிக்கோ.”

காரின் முன்பக்கம் அமிழ்ந்தது. அவள் பல்லால் அவன் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு, பின்னால் விழுந்து, வயிற்றால் ஊர்ந்தாள். முன் விளக்குகள் தண்ணீருக்கு அடியில் கொஞ்ச நேரம் பச்சையாக எரிந்தன.

பிறகு அதுவும் இல்லை.

கார் விளக்குகள் மறைந்ததைப் பார்த்துவிட்டுக் காவல்காரி பனிப்பாதையில் கயிற்றோடு ஓடிவந்து வீர்வேயைக் கரை சேர்த்தாள். அந்தக் குளிர்காலத்தோடு காவல்காரி அந்த வேலையை விட்டுவிட்டாள். முக்குளிப்பவர்கள் காரை எடுத்தபோது ரைவோ பெல்ட்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெட்டித்தான் அவனை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. விதியை மீறி பெல்ட் அணிந்ததால் இறந்தார் என்று முடித்துவிட்டார்கள். தார்த்துவில் அடக்கம் செய்தார்கள். வீர்வே அதே ஊரில் இருக்கிறாள். எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. எவ்வளவு தூரமானாலும் நடக்கிறாள். மணிக்கட்டை எப்போதும் சட்டைக் கையால் மூடியிருக்கிறாள்.

தண்ணீரிலிருந்து எடுத்த கார் எண்டெலின் கொட்டகைக்குத்தான் போனது. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். போன ஜூலையில் பக்கக் கண்ணாடி ஒன்று வாங்க நான் அங்கே போனேன். கூரைத் தகரம் கொதித்தது, மண் தரை வெடித்துக் கிடந்தது. அந்த ஆணியில் இப்போது இரண்டு கொக்கிகள் தொங்குகின்றன.

இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.