படத்தில் விழுந்த கை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் டாக்டர் ரைஹானத் மேலப்பாளையத்திலுள்ள அந்தக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். குடையை வாசலில் சாய்த்து, ஈரக் காலை மிதியடியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து, எலும்பு சொல்லும் சேதியை எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை.

கிளினிக்கை நடத்துபவர் யஹ்யா. வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்து, சார்ஜாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மருந்தும் கத்தியும் இல்லாமல், வெறுங்கையால் முதுகையும் கழுத்தையும் திருப்பிச் சரிசெய்வார். சடக் என்று ஒரு சத்தம் கேட்கும். படுத்திருந்தவர் எழுந்து சிரித்துக்கொண்டே போவார்.

எழாமல் போனவர் ஒருவர்தான். மதார் என்ற கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்தபின் கழுத்து வலிக்கிறது என்று வந்தவரின் கழுத்தை யஹ்யா படம் எடுக்காமலே திருப்பிவிட்டார்; மேசையிலேயே உயிர் போனது. உள்ளே எலும்பு முன்பே விரிசல் கண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மதாரின் குடும்பத்தார் அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுத்துக்கொண்டார்கள். யஹ்யாவால் முடியவில்லை. ரைஹானத்தைத் தேடி வந்து, அவர் பார்த்துச் சொல்லாமல் இனி ஒரு கழுத்திலும் கை வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் ரைஹானத்தும் வரத் தொடங்கினார். மதாரை அவர் கண்டதில்லை. ஆனாலும் படம் பார்க்கும் அறையில் உட்காரும்போதெல்லாம், முகம் தெரியாத அந்த மனிதருக்காக ஒரு துஆ கேட்டுவிட்டுத்தான் கணினியைத் தொடுவார்.

அந்த அறை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே தடுத்து எடுத்தது. சன்னல் கிடையாது. சுவருக்குள்ளும் கதவுக்குள்ளும் ஈயத்தகடு. கதவு சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. கைபேசிக்குச் சிக்னலும் இருக்காது.

அன்று ஒரே ஒரு படம்தான் காத்திருந்தது. பொன்செல்வி என்ற சித்தாளுடையது. தேயிலைத் தோட்டத்தை விட்டு மலையிறங்கி, டவுனில் கல்லும் மண்ணும் சுமப்பவள். மாதக்கணக்காகக் கழுத்து வலி. பக்கவாட்டில் எடுத்த படத்தைத் திறந்ததும் ரைஹானத் முகம் சுளித்தார்.

கழுத்தெலும்புகளுக்கு முன்னால் ஒரு கை.

விரலெலும்புகள் வெள்ளையாக, வரிசையாக, கழுத்தை முன்னாலிருந்து தாங்கியிருந்தன. சுண்டுவிரல் கோணலாக ஒட்டியிருந்தது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. நிற்க முடியாதவர்களைக் கூட வந்தவர் யாராவது பிடித்துக்கொண்டால் அவர்கள் கையும் படத்தில் விழும். கதிர் பட்டால் பிடித்தவருக்குத்தான் கேடு.

அவர் டெக்னீசியன் கிறிஸ்டியைக் கூப்பிட்டு, இப்படி யாரையும் வெறுங்கையோடு பிடிக்க விடக்கூடாது என்று தன்மையாகச் சொன்னார்.

கிறிஸ்டி திருதிருவென்று விழித்தாள். "யாரும் பிடிக்கலையே மேடம். அந்த அக்கா ஒத்தையாத்தான் வந்தாவ."

பயத்தில் மறைக்கிறாள் என்று ரைஹானத் நினைத்துக்கொண்டார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை. மேலும் கேட்டுச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. படத்தை இன்னொரு முறை பார்த்தார். எலும்புகள் ஒழுங்காகவே தெரிந்தன. முன்பக்கம் தடித்த நிழல் ஒன்று இருந்தது. அது பிடித்தவரின் கைச்சதை. அஸர் தொழுகைக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

"பாதகமில்லைன்னு யஹ்யா தம்பிகிட்ட சொல்லிருளா. பின்னால எழுதித் தாரேன்."

கிறிஸ்டி போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

விளக்கு அணைந்தது.

பேட்டரியில் கணினித் திரை மட்டும் நீலமாக எரிந்தது. மழைக்கு மின்சாரம் போவது வழக்கம்தான். ரைஹானத் எழுந்து கதவுப்பிடியை இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். சுவரோடு சுவராக நின்றது கதவு.

அறையில் ஒரு வாடை எழுந்தது. ஈரச் சிமெண்டின் வாடை.

பிடரியில் குளிர் பட்டது. பின்னால் யாரோ மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவர் திரையைப் பார்த்தார்.

படத்தில் கை இடம் மாறியிருந்தது.

தாங்கியிருந்த விரல்கள் இப்போது மடங்கியிருந்தன. ஒரு விரல் மட்டும் நீண்டு நாலாவது எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடி பிஸ்மி சொல்லிவிட்டுத் திறந்தார்.

கையே இல்லை.

நிழல் மட்டும் அப்படியே இருந்தது.

அது பிடித்தவரின் சதை அல்ல. பொன்செல்வியின் கழுத்துக்குள் கட்டியிருக்கும் சீழ். திரைக்கு மிக அருகே குனிந்தார். நாலாவது எலும்பின் ஓரம், கறையான் அரித்த சட்டம் போல உதிர்ந்திருந்தது. எலும்பில் காசநோய். மாத்திரையில் தீரக்கூடிய நோய்தான். ஆனால் யஹ்யா ஒருமுறை அதைத் திருப்பினால் எலும்பு நொறுங்கும், உள்ளே நரம்பு நசுங்கும்.

பாதகமில்லை என்ற சொல் போய்ச் சேர்ந்திருக்கும்.

கதவை அறைந்தார். ஈயம் சத்தத்தை விழுங்கியது. யஹ்யாவின் பெயரைக் கூவினார். குரல் அறைக்குள்ளேயே சுற்றி அவர் காதுக்கே வந்தது. கைபேசி செத்துக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி கூட இருக்காது, அந்தப் பெண் நம்பிக் கழுத்தைக் கொடுத்துப் படுத்திருப்பாள்.

நகம் பெயரும் வரை கதவைப் பிறாண்டினார். பிறகு கையைத் தொங்கப்போட்டு நின்றார்.

பிடரியில் குளிர் இன்னும் இருந்தது.

"மதார் காக்கா," என்றார் மெதுவாக. "நான் தப்பாப் பார்த்துட்டேன். எனக்குப் போக வழியில்லை. நீங்க போயி அந்தப் புள்ளையப் பிடிச்சுக்கோங்க."

குளிர் விலகியது. சிமெண்ட் வாடை அவரைக் கடந்து கதவுப்பக்கம் போனது.

தாழ்ப்பாள் தானாக நெகிழ்ந்தது.

அவர் ஓடினார். சிகிச்சை அறையில் யஹ்யா, மேசையைவிட்டு விலகி, சுவரோடு ஒட்டி நின்றார். இரண்டு கைகளையும் மார்போடு அணைத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"திருப்பாதீங்க தம்பி."

"திருப்பத்தான் பார்த்தேன் லாத்தா. திரும்பலை." தன் கைகளைக் குனிந்து பார்த்தார். "என் கைக்கு அடியில இன்னொரு கை இருந்துச்சு. எனக்கு அந்தக் கோணச் சுண்டுவிரலைத் தெரியும், மதாரோடது."

மேசையில் பொன்செல்வி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகத்தில் பயமே இல்லை.

"டாக்டரே, இன்னொருத்தவுக பிடிச்சிருந்தாவளே, அவிய போயிட்டாவளா? சில்லுன்னு எவ்வளவு சொகமா இருந்துது தெரியுமா?"

யஹ்யா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ரைஹானத்தும் கிறிஸ்டியும் அவளுடைய கழுத்துக்குப் பட்டை கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரை ரைஹானத் கூடவே போனார். பிழைத்துக்கொள்வாள் என்று அங்கே சொன்ன பிறகுதான் அவர் வீடு திரும்பினார்.

தவறிய அஸரை முதலில் நிறைவேற்றி, பிறகு மஃரிப் தொழுகைக்குத் தக்பீர் கட்டினார். நெற்றி தரையில் பட்டபோது கண்ணீர் வந்தது. ஒரு துஆவுக்கு இவ்வளவு பெரிய கைம்மாறா என்று உருகினார். கடைசி இருப்பில் வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னார். இடப்பக்கம் திரும்பினார்.

கழுத்து பாதியில் நின்றது.

வலி இல்லை. காதுக்குக் கீழே, சொரசொரப்பாக, ஈரமாக, ஓர் உள்ளங்கை. பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவது போல அது தாங்கியிருந்தது.

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

திரும்ப அவர் முயலவில்லை. உதட்டளவில் ஸலாமை முடித்தார். தலையை அசைக்காமல், கையால் தரையைத் தடவிக் கைபேசியை எடுத்துக் கிறிஸ்டியை அழைத்தார்.

"நாளைக்குக் காலையில மொத ஆளா எனக்கு ஒரு படம் எடுக்கணும்ளா," என்றார். "கழுத்துக்கு."

பேசி முடித்த பிறகும் அந்தக் கை விலகவில்லை.