ஓடு உடைக்கும் காவலன்

தூத்துக்குடியில் மதுக்கடைகளை யாரும் மூடவில்லை. ஆள் வராமல் அவையே மூடிக்கொண்டன. கல்யாண வீட்டில் முழுப் பாட்டிலைக் கவிழ்த்தவன்கூடப் பந்தியில் தெளிவாக உட்கார்ந்து, ரசத்தில் உப்பு குறைவு என்று குற்றம் சொல்கிற காலம் வந்துவிட்டது. எல்லாம் ஈரற்காவலன் செய்த வேலை.

அரிசி அளவே இருக்கும் அந்த உயிர்க்கருவியைக் கல்லீரலில் வைத்தால் அங்கேயே வேர்விட்டுச் சதையோடு சதையாகிவிடும். நாம் விழுங்குவது எதுவானாலும் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறியதும் முதலில் போய் நிற்கிற இடம் கல்லீரல். அந்நியப் பொருளை உடைத்து வெளியே தள்ளுவது அதன் பிறவிக் குணம். காய்ச்சல் மாத்திரை சில மணி நேரத்தில் வேகம் இழப்பதும் அதனால்தான். காவலன் அதே வேலையைப் பல மடங்கு விரைவாகச் செய்தது. மூளையை எட்டும் முன்பே சாராயம் வெறும் தண்ணீரும் காற்றுமாகிப் போனது.

விஞ்ஞானி செண்பகவல்லி இதைக் கண்டுபிடித்தது உலகத்தைத் திருத்த அல்ல, குடித்தே வேலையைத் தொலைத்த தம்பி சுடலைமுத்துவுக்காக. அவனுக்குப் பலித்ததும் ஊரில் வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டார்கள். அவசியமான மருந்துகளைத் தடுக்காமலிருக்க, அவற்றைக் காவலனுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டி வைத்திருந்தாள். புதிய மருந்தை வெளியிலிருந்தே செல்போன் மூலம் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? செல்போன் ரிப்பேர் கடைகளில் பிராந்தியையும் மருந்தாகச் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் கொதித்துப்போய் ஊர்வலம் கிளம்பினார்கள். முன்வரிசையில் நின்றவள் சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள்.

"மதினி, தொறக்கவே முடியாதபடி பூட்டிப் போடுங்க. ஒங்களாலயும் தொறக்க முடியக்கூடாது. தம்பி அழுதான்னா ஒங்க மனசு எளகிரும்லா?"

பட்டியலிலிருந்து பிராந்தியை நீக்கிவிட்டுச் செண்பகவல்லி பூட்டினாள். ஏற்கெனவே உடம்புகளில் இருந்தவற்றுக்கும் சேர்த்தே பூட்டு விழுந்தது. இனி எதையும் சேர்க்க முடியாது, காவலனை நிறுத்தவும் முடியாது. அவளுக்கு அதில் பெருமைதான்.

அப்புறம் சுடலைமுத்துவின் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. புண்ணில் புகுந்த கிருமி பழைய மருந்துகளுக்கு அசையவில்லை. அதைக் கொல்லப் புது மருந்து ஒன்று வந்திருந்தது. ஆனால் காவலனுக்கு அதைத் தெரியாதே! நரம்பில் ஏற்றினாலும் ரத்தம் சுற்றி வந்து கல்லீரலைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்? ஏற்றிய வேகத்தில் மருந்து தூளானது. காவலனை அறுத்தெடுக்கலாமென்றால் அந்தக் காய்ச்சல் உடம்பு கத்தியைத் தாங்காது.

"ரத்தத்துல மருந்தே நிக்க மாட்டேங்குது மேடம்," என்றார் டாக்டர்.

பேச்சியம்மாள் மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி தன் கையாலேயே தம்பியைக் கொல்கிறோம் என்று நினைத்தாள்.

ஆனால் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை அவள். காவலனின் குணம் அவளைவிட யாருக்குத் தெரியும்? வருவதையெல்லாம் உடைக்கும். தான் உடைத்த துண்டுக்கு முத்திரை குத்திவிடும். அந்தத் துண்டு எத்தனை முறை சுற்றி வந்தாலும் மறுபடி தொடாது. அப்படியானால் மருந்துக்கு மேலே ஓர் ஓடு போட்டு அனுப்பினால்? நிலக்கடலையை உடைத்தால் பருப்புதானே வெளியே வரும்! கல்லீரல் உடைத்த பிறகே வேலையைத் தொடங்கும் மருந்துகள் முன்பே உண்டு. அந்த வழியில் புது மருந்தோடு இன்னொரு மூலக்கூறை ஒட்டினாள். ஓட்டுமருந்து என்று பெயரும் வைத்தாள்.

காவலன் ஆவலோடு உடைத்தது. உள்ளிருந்த மருந்து ரத்தத்தில் பரவியது. காய்ச்சல் இறங்கி, சுடலைமுத்து கண் திறந்து, பசிக்கிறது என்றான். பேச்சியம்மாள் மதினியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

தொலைக்காட்சிகள் தேடி வந்தன. செண்பகவல்லி ஒளிவுமறைவில்லாமல், நிலக்கடலையைக் கையில் உடைத்துக் காட்டி, எல்லோருக்கும் புரியும்படி விளக்கினாள். காவலனை நிறுத்த வேண்டியதில்லை, வேலை வாங்கத் தெரிந்தால் போதும் என்றாள். ஊரே கைதட்டியது.

சில மாதங்கள் கழித்துப் பேச்சியம்மாள் பதறிப்போய்க் கூப்பிட்டாள். செண்பகவல்லி ஓடினாள். சுடலைமுத்து சோபாவில் சரிந்து கிடந்து பாடிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது, நாக்கு குழறியது. காலடியில் மிட்டாய்த் தாள்கள்.

"ஏல, குடிச்சிருக்கியா?"

"ஒன் மேல சத்தியமா குடிக்கலக்கா! மிட்டாய்தான் தின்னேன். ஓடு போட்டு அனுப்புனா அவன் ஒடச்சுத் தருவான்னு டிவில நீதான சொன்ன? நல்ல வேலக்காரன்க்கா ஒன் காவலன். ஒரு சொட்டு வீணாக்கல."

செண்பகவல்லி ஒரு தாளை எடுத்து முகர்ந்தாள். தேனும் ஏலக்காயும் மணந்தன. காவலன் இல்லாத உடம்பில் அது வெறும் இனிப்பு. காவலன் இருக்கிற உடம்பில் சாராயம். ஊரில் காவலன் இல்லாத உடம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பேச்சியம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "மதினி, அத நிப்பாட்டிப் போடுங்க மதினி!"

செண்பகவல்லி அவளைப் பார்த்தாள். பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

"நான்தான பூட்டச் சொன்னேன்," என்றாள் பேச்சியம்மாள்.

சுடலைமுத்து இன்னொரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். உள்ளே காவலன் வேலையைத் தொடங்கியது.