பாதி இறக்கிய ஷட்டர்

ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்தான். மதியம் ஒரு மணி நேரம் தூங்கவும் வேண்டும், கடை திறந்திருக்கிற மாதிரியும் தெரிய வேண்டும் என்ற பேராசைக்கு அவனே கண்டுபிடித்த வைத்தியம் அது. பாதி என்றால் சரியாக அவன் உயரத்துக்கு. அவன் உயரம் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. “முழுசாத் திறங்க, இல்ல முழுசா மூடுங்க. யாராவது மண்டைய உடைச்சுக்கப் போறாங்க” என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அந்த யாரோ, அவளுடைய தம்பியாகவே வந்து சேர்ந்தான்.

மச்சினன் ஆறடிக்கு மேல் இருப்பான். எல்லோருக்கும் அவன் நெட்டை. பின்னறையில் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி சாணை பிடிப்பது அவன் வேலை. லென்ஸ் பொட்டலத்தோடு வெயிலிலிருந்து வேகமாக வந்தவன், கண்ணில் வெளிச்சம் பூத்திருந்ததாலோ என்னவோ, குனியவில்லை. பாத்திரம் கீழே விழுந்த மாதிரி இல்லை அந்தச் சத்தம். பாத்திரத்துக்குள் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது.

தரையில் உட்கார்ந்தான். கண் திறந்திருந்தது. ஆனால் பத்து எண்ணுகிற நேரம் அதில் யாரும் இல்லை. பிறகு சிரித்தான்.

“வலிக்குதாடா?”

“ஷட்டரத்தான் கேக்கணும் மாமா.”

கடைக்காரனுக்கு வந்த நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தான். இரண்டு கருமணியும் ஒரே அளவு, ஒன்றுபோலச் சுருங்கின.

தலைவலியைக் கை போகிற இடத்தை வைத்தே சொல்லிவிடுவான் அவன். கல்லாவுக்கு இந்தப்பக்கம் இருபது வருஷம் நின்று கற்ற வித்தை. இரண்டு கையாலும் தலையைச் சுற்றிப் பிடித்துக் காட்டினால், கவலையும் தூக்கக் குறைவும் சேர்ந்து கட்டிய கயிறு. ஓய்வெடுத்தால் தானே தளரும். ஒரு பக்கப் பொட்டை அமுக்கிக்கொண்டு “அந்த லைட்ட அணைங்களேன்” என்றால் ஒற்றைத் தலைவலி. இருட்டறையும் அமைதியும் டாக்டர் தந்த மாத்திரையும் வேண்டும். புருவ நடுவைக் கிள்ளினால் பார்வைக் கோளாறு, அதுதான் அவன் வியாபாரம். நெட்டையின் கை எங்கேயும் போகவில்லை. வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது போல மடியில் கிடந்தது.

அடிபட்ட தலைக்கு என்ன செய்யவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். கண் டாக்டர் ஒருமுறை சொல்லியிருக்கிறார்: “அன்னிக்கு வேலை கூடாது, தனியா விடக் கூடாது. வலி ஏறினாலோ, வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, ஒரு கருமணி மட்டும் பெருசானாலோ, யோசிக்காம ஆஸ்பத்திரி.” ஆனால் ஆஸ்பத்திரி என்றால் மனைவிக்குச் சொல்ல வேண்டும். மனைவிக்குச் சொல்வதென்றால் ஷட்டரைச் சொல்ல வேண்டும். வீரத்தில் அவன் உயரத்தைவிட ஒரு முழம் குறைவு.

“டீச்சரம்மா கண்ணாடி எப்ப வேணும் மாமா?”

“ஆறு மணிக்கு. நீ பேசாம படுடா.”

“நான் படுத்தா மெஷின் அழும்.”

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். தடுத்திருக்கலாம்.

பலகைத் தடுப்புக்கு அப்பால் சக்கரம் சுழலத் தொடங்கியது. லென்ஸ் அதில் பட்டதும் வழக்கமான கரகரப்பு எழுந்தது, புளித்த பிளாஸ்டிக் வாசனை திரையைத் தாண்டி வந்தது, சக்கரத்தை நனைத்த தண்ணீர் தடுப்பின் அடியில் நுழையும் குழாய் வழியாகக் கடைக்காரனின் காலடி வாளியில் அரிசி களைந்த நீர்போல வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக நடப்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று அவன் தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டான்.

“டீச்சரம்மா கண்ணாடி எப்ப வேணும் மாமா?”

“இப்பதானடா கேட்ட? ஆறு மணிக்கு.”

கரகரப்பு தொடர்ந்தது. ஒரு லென்ஸுக்குப் பத்து நிமிஷம் ஆகும். நடுவில் நாலு தடவை நிறுத்தி, ஃபிரேமில் வைத்துப் பார்ப்பான். நிற்கவே இல்லை. கால் மணி. அரை மணி.

“டீச்சரம்மா கண்ணாடி எப்ப வேணும் மாமா?”

அதே இழுப்பு. ‘மாமா’வில் அதே ஏற்றம். ஒரு மயிரிழை மாறவில்லை.

“கிண்டலாடா?”

கரகரப்புதான் வந்தது. எவ்வளவு மட்டமான ஜோக்கானாலும் பதில் சொல்லாமல் விடுகிறவன் இல்லை நெட்டை.

போன் அடித்தது. மனைவி.

“தம்பி போனை எடுக்கவே மாட்டேங்கிறான். அங்கதான இருக்கான்?”

“வேலையா இருக்கான். நீயே கேளேன்.” போனைத் தடுப்பின் பக்கம் நீட்டினான்.

அவள் சற்று நேரம் கேட்டாள். “அது மெஷின் சத்தம். அவன் சத்தம் எங்க?”

அப்போதுதான் உறைத்தது. வேலை செய்யும்போது நெட்டை சீட்டி அடிப்பான். அபஸ்வரமாக, விடாமல். கடைக்காரன் இருபது தடவை திட்டியிருக்கிறான். இன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கரகரப்பும் மாறியிருந்தது. மெலிந்து, வழுவழுவென்று, எதையோ மெதுவாகத் தடவுகிற மாதிரி. புளித்த வாசனை போய்விட்டிருந்தது. அவன் வாளியைப் பார்த்தான். வெள்ளை அடியில் படிந்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீர்.

லென்ஸ் தேய்ந்தால் தண்ணீர் வெளுக்கும்.

இப்போது எது தேய்கிறது?

குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது. வாளிக்குள் அது ஒரு நூலாகப் பிரிந்து இறங்கியது.

சிவப்பு.

“என்னங்க? பேசுங்களேன். என்னங்க?”

எழுந்தான். நாலு எட்டுத்தான். திரையைப் பிடித்தான். ஈரம். இழுத்தான்.

நெட்டை முதுகு காட்டி நின்றிருந்தான். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மேஜைமேல் டீச்சரம்மாவின் ஃபிரேம், வெறும் வளையங்கள். லென்ஸைக் காணோம். ஒன்றையும் காணோம். இரண்டும் தேய்ந்து முடிந்திருந்தன.

“டேய்.”

சக்கரம் சுழன்றது.

“மச்சான்.”

திரும்பினான். டார்ச் தேவைப்படவில்லை. ஒரு கண்ணில் கருமணி கடுகளவு. மற்றதில் கருமணியைத் தவிர வேறொன்றும் இல்லை. கைகளை மட்டும் அவன் எடுக்கவில்லை. லென்ஸைப் பிடிக்கிற அதே பக்குவம், அதே பொறுமை. நுனிவிரல்கள் சக்கரத்தின்மேல். நடுவில் எதுவும் இல்லை.

“வலிக்… வலிக்குதாடா?”

நெட்டை குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜோக் அடிக்காமல் யோசித்துப் பதில் சொன்னான்.

“இல்ல மாமா. கொஞ்சம்கூட வலிக்கல.”