இடது பக்கத்து இஞ்சின்

1988 ஆகஸ்ட், சனிக்கிழமை காலை 8.10. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒர்க்‌ஷாப். மெக்கானிக் வீராசாமி ஷெட்டின் பூட்டைத் திறந்து, விமானங்களைக் கிளப்பிவிடும் வண்டி மேலிருந்த தார்ப்பாயை இழுத்தார். வலது பக்கத்து இஞ்சின் இருந்தது. இடது பக்கத்து இஞ்சினைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு காலி எண்ணெய் டிரம்கள் சாவகாசமாகப் படுத்திருந்தன.

பூட்டு உடையவில்லை. வெள்ளி மாலை ஐந்தரையிலிருந்து சாவி வீராசாமியிடம்தான் இருந்தது. முதலாளி ரகுநாதன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புகாரில் அவர் பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார். ஒன்பதரைக்குப் போலீஸ் ஜீப் வீராசாமியின் தெருவுக்குள் நுழைந்து அவரை ஏற்றிக்கொண்டது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

10.15. சப்-இன்ஸ்பெக்டர் ஜெகதாம்பாள் ஷெட்டில் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எதற்கும் அவசரப்படாத பெண்மணி. அவசரப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்கு உடனே சந்தேகம் வரும்.

"விமானத்துக்குக் கார் இஞ்சின் எதுக்கு சார்?"

"ஜெட் தானாக் கிளம்பாது மேடம். முதல்ல யாராவது அதைச் சுத்திவிடணும்" என்றார் ரகுநாதன். "அந்தக் காலத்து அமெரிக்கக் கார் இஞ்சின் ரெண்டை ஜோடி சேர்த்து, ஒரே தண்டுல மாட்டியிருக்கோம். தண்டு விமானத்தோட வயித்துல நுழைஞ்சு சுத்தும். வேகம் பிடிச்சதும் வண்டியை விலக்கிடுவாங்க."

"பறக்கிறதைத் தள்ளிவிட ஒரு பழைய கார். நல்ல வேடிக்கை. களவாடினவனுக்கு என்ன லாபம்?"

"முப்பது வருஷமா இந்த இஞ்சின் தயாரிப்புலயே இல்லை. பம்பாய்ல பழைய கார் சேர்க்கிறவங்க என்ன விலையும் குடுப்பாங்க."

"கடைசியா ரெண்டும் ஓடினது எப்போ?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. சூப்பர்வைசர் கஜபதி தனியாவே டெஸ்ட் பண்ணி, ரெண்டும் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அப்புறம் வீராசாமிகிட்ட சாவியைக் குடுத்துட்டு அரக்கோணத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார்."

ஜெகதாம்பாள் வீராசாமியின் பக்கம் திரும்பினார். "டெஸ்ட் நடந்தப்போ நீ எங்கே இருந்தே?"

"அம்பத்தூர் எஸ்டேட்ல இருந்தேன்மா. கேஸ்கட் வாங்கியார சூப்பர்வைசர்தான் அனுப்சாரு. நான் வரசொல்ல அஞ்சரை. மத்தவங்கல்லாம் பூட்டாங்க. வண்டி ரெண்டு நாளா இருந்த மாதிரியே தார்ப்பாய் மூடிக்கினு நின்னுது. சாவிய வாங்கிக்கினு ஊட்டுக்குப் பூட்டேன்."

"தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கலையா?"

"ரெண்டு பக்கமும் மேடாத்தான் இருந்துச்சு. இன்னாத்துக்குத் தூக்கறது? பதினாலு வருசமா தினக்கூலிம்மா. ஒண்ணாந்தேதி பர்மனென்ட் ஆர்டர் தரேன்னு சொல்லிக்கீறாங்க. கேஸ்னு எழுதிட்டா அது பூடும்."

ஜெகதாம்பாள் புகாரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கேஸ் என்று இன்னும் எதுவும் எழுதவில்லை.

11.00. எதிரே கன்னியம்மாவின் சோடாக் கடை. பலகையில் கோலி சோடா பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஜெகதாம்பாள் ஒன்றை வாங்கி உடைத்துக் குடித்தார்.

"நேத்து இஞ்சின் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா, அஞ்சு மணிக்கு. காதே பூடுச்சு. எப்பவும் வீராசாமி அண்ணாத்தே முன்னாடியே வந்து சொல்லும், நானும் பாட்டிலுங்கள எறக்கிக் கோணிமேல வச்சிருவேன். நேத்து ஒருத்தரும் சொல்லல. நல்ல வேள, ஒண்ணும் கீழ உயல."

ஜெகதாம்பாள் சோடாவை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு ஏட்டு லட்சுமணனைக் கூப்பிட்டு, இந்த வாரம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே போன ஒவ்வொரு பொருளுக்கும் கேட் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார்.

மதியம் 2.40. அரக்கோணத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கஜபதி, கல்யாண வேட்டி கசங்காமல் நின்றார்.

"நேத்து ரெண்டு இஞ்சினும் ஓடிச்சா?"

"ஓடிச்சு மேடம். ஊருக்கே கேட்டிருக்குமே!"

"கேட்டிருக்கு." ஷெட்டில் இதே மாதிரி இன்னொரு வண்டி நின்றது. "வீராசாமி, அதுல ஒரு இஞ்சினை மட்டும் ஓட்டு."

சைலன்சர் இல்லாத இஞ்சின் ஷெட்டே அதிர அலறியது. எதிர்க்கடைப் பலகையில் பாட்டில்கள் அசையாமல் நின்றன.

"இப்போ ரெண்டையும்."

தரை கிடுகிடுத்தது. பாட்டில்கள் கலகலவென்று ஆடி ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஓரத்தில் நின்ற இரண்டு கீழே விழுந்து நொறுங்கின. கன்னியம்மா இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கத்தியது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இஞ்சின்கள் நின்றதும் ஜெகதாம்பாள் பேசினார். "ஒண்ணோ ரெண்டோ, காதுக்கு வித்தியாசம் தெரியாது. பாட்டிலுக்குத் தெரியும். நேத்து பாட்டிலெல்லாம் பலகை மேலதான் இருந்துச்சு, ஒண்ணுகூட விழலை. ஆக, அஞ்சு மணிக்கே ஒரு இஞ்சின்தான் ஓடிச்சு. ஒண்ணை ஓட்டிட்டு ரெண்டுன்னு எழுதினது நீங்க, கஜபதி."

"மேடம், இவன் ராத்திரி வந்து..."

"ராத்திரி இவன் திருடியிருந்தா டிரம் வச்சு மேடு கட்டுவானா? காலையில தார்ப்பாயை எடுக்கப்போறதே இவன்தானே, யாரை ஏமாத்த? அந்த மேடு அஞ்சரை மணிக்கு இவன் கண்ணுல படறதுக்காக வச்சது. வியாழக்கிழமை கழிவு லாரியில மூணு பழைய இஞ்சின் போச்சுன்னு கேட் புத்தகம் சொல்லுது. கழிச்சுவிட்டது ரெண்டுதான். கேட் பாஸ்ல கையெழுத்து உங்களோடது."

கஜபதி வேட்டி நுனியைப் பிடித்தபடி டிரம் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இஞ்சின் பூந்தமல்லியில் ஒரு கிடங்கில் இருப்பதாகவும், பம்பாய்க்காரர் திங்கட்கிழமை வருவதாகவும் சொன்னார்.

"சாவியை ஏன் இவன்கிட்ட குடுத்தீங்க?"

"இவன் பேரைச் சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

ரகுநாதனால் தலை நிமிர முடியவில்லை. ஏனென்றால் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஜெகதாம்பாள் புகாரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "வேற எழுதிக் குடுங்க சார்."

3.30. ரகுநாதன் வீராசாமியின் தோளைத் தொட்டார். "மனசுல வச்சுக்காதே. ஒண்ணாந்தேதி ஆர்டர் உன் கையில இருக்கும்."

"ஆர்டரு வரட்டும் சார். காலைல என்னைய ஜீப்புல ஏத்தசொல்ல என் பொண்ணு வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. நீங்க வந்து அதாண்ட நான் திருடலன்னு சொல்லணும்."

ரகுநாதன் தலையாட்டிவிட்டுக் காரின் கதவைத் திறந்தார்.

"கார் வாணாம் சார்" என்றார் வீராசாமி. "நடந்தே வாங்க. அப்பதான் தெருவே பாக்கும்."

ரகுநாதன் கதவைச் சாத்திவிட்டு, அந்த வெயிலில் அவரோடு நடந்தார்.